பூட்டுக்காரரைக் கூப்பிடு

அந்த மாடி வீட்டுக் கதவைத் திறக்கத் தனிப் பழக்கம் வேண்டும். சாவியை முழுக்க உள்ளே விட்டுவிடக் கூடாது. ஒரு மயிரிழை வெளியே இழுத்துப் பிடிக்க வேண்டும். இன்னொரு கையால் கைப்பிடியைத் தூக்கி, தோளால் கதவை அழுத்திக்கொண்டே சாவியைத் திருப்ப வேண்டும். மழைக்காலமாக இருந்தால் கடைசியில் இடுப்பால் ஒரு இடி. இந்த வித்தை பெரியவளுக்கு மட்டும்தான் கைவந்திருந்தது. அவள் வேலைவிட்டு வரும்வரை அவள் கணவன் படிக்கட்டிலேயே உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்த நாட்களும் உண்டு.

பிறந்த வீட்டில் இரண்டே பெண்கள். இவள் பெரியவள், தங்கை சின்னவள். கல்யாணமாகிப் போன பிறகும் அந்தப் பெயர்கள் விடவில்லை. பெரியவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. அவள் கணவன் தெருமுனையில் கடை போட்டிருந்த மெக்கானிக். மின்விசிறி, மிக்ஸி, தண்ணீர் மோட்டார் என்று எதைக் கொடுத்தாலும் பிரித்து மாட்டிவிடுவான். கைத்திறமையில் குறை சொல்ல முடியாது. ஆனால் எதைக் கேட்டாலும் அவன் வாயில் முதலில் வருவது "பாத்துக்கலாம்" என்பதுதான். தெருவில் அவனுக்கு அதுவே பெயராகிவிட்டது. "பாத்துக்கலாம் கடையில இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டு வாடிக்கையாளர்களே வருவார்கள். அவனும் சிரித்துக்கொள்வான்.

பெரியவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"கதவு கீல் தொங்கிப் போச்சு. பூட்டோட நாக்கு தகட்டு ஓட்டையில நேரா போக மாட்டேங்குது. ஒரு பூட்டுக்காரரைக் கூப்பிடுங்களேன்" என்று அவள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள்.

"உனக்கென்ன பைத்தியமா? மோட்டாரையே பிரிச்சு மாட்டுறவன் நான். என் வீட்டுக்குப் பூட்டுக்காரன் வந்தான்னா நாளைக்கு எவன் எங்கிட்ட ஃபேனைக் கொண்டுவந்து குடுப்பான்?"

"அப்ப நீங்களே செய்ங்க."

"செய்யாம? பாத்துக்கலாம்."

பார்க்கவும் செய்தான். சமையல் எண்ணெயைச் சாவித் துவாரத்தில் ஊற்றினான். கொஞ்ச நாள் வெண்ணெய் மாதிரி போயிற்று. பிறகு தெருப் புழுதியெல்லாம் அந்த எண்ணெயில் ஒட்டிக் களிம்பாகி, சாவி உள்ளே போவதே பெரும்பாடாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்டத்துத் தகட்டை அரத்தால் ராவினான். ராவியதில் கதவு காற்றுக்கு ஆடத் தொடங்கியதே தவிர நாக்கு நேராகவில்லை. தேய்ந்துபோன சாவியை வைத்தே இன்னொரு சாவி வெட்டிக்கொண்டு வந்தான். தேய்ந்த சாவிக்குப் பிறந்தது தேய்ந்த சாவியாகத்தானே இருக்கும்? பழையதை அவன் வைத்துக்கொண்டான், புதியதை வீட்டில் மாட்டினான். புதியது பழையதைவிட மோசம்.

கீழே குடியிருந்த ஓனரம்மாவிடம் பெரியவள் ஒருநாள் போய் நின்றாள்.

"தேக்குக் கதவும்மா அது. என் மாமனார் போட்டது. அதுல எவனையும் கைவைக்க விடமாட்டேன்" என்றாள் ஓனரம்மா. "இத்தனை வருஷம் நல்லாத்தானே இருந்துச்சு? நீங்க படார் படார்னு சாத்துறீங்க. அதான்."

கணவன், ஓனரம்மா இருவருக்கும் நடுவில் கதவு தொங்கிக்கொண்டே இருந்தது. பெரியவள் தினமும் தோளைக் கொடுத்தாள். தோளில் ஒரு இடம் கன்றிப்போய்க் கறுத்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் சின்னவள் வந்து சேர்ந்தாள். எட்டாம் மாதம். அவள் புருஷன் லாரி டிரைவர்; சரக்கேற்றிக்கொண்டு போனால் எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. அவளுக்கு இரத்த அழுத்தம் ஏறியிருந்தது. கால் இரண்டும் வீங்கி, செருப்பில் பாதம் நுழையவில்லை. தனியாக இருக்கக் கூடாது, உப்பைக் குறைக்க வேண்டும், தலை வலித்தாலோ கண் மங்கினாலோ உடனே கிளம்பி வந்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். "எங்கக்கா ஆஸ்பத்திரியிலதான் வேலை பாக்குது" என்று சின்னவள் அவளிடம் பெருமையாகச் சொன்னாளாம், சலவைக்கூடம் என்பதைச் சொல்லாமல்.

தங்கை வந்த அன்றே பெரியவள் கதவின் சங்கதியைச் சொல்லிக்கொடுத்தாள். சின்னவள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு தோளை அழுத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"என்னக்கா இது, மாட்டுல பால் கறக்குற மாதிரி இருக்கு. இங்க பிடி, அங்க தள்ளுன்னு."

"சிரிக்காத. ஒருநாள் இது காலை வாரிவிடும். உன் போனைக் குடு." மாடிப்படிச் சுவரில் ஒட்டியிருந்த பூட்டுக்காரரின் எண்ணைப் பார்த்துப் பார்த்து அதில் பதிந்து கொடுத்தாள். "இது மக்கர் பண்ணிச்சுன்னா யாரையும் கேக்காத. இவரைக் கூப்பிடு."

"மாமா கோவிச்சுக்கப் போறாரு."

"கோவிச்சுக்கட்டும்."

மழை விடாமல் பிடித்திருந்த வாரம் அது. சலவைக்கூடத்தில் துணி காயாமல் மலைமலையாகக் குவிந்தது. கறை பட்ட விரிப்புகளைத் தனியாகப் பிரித்து, பெரிய இயந்திரத்தில் போட்டு எடுத்து, பிழிந்து, சூடான உருளைக்கு ஊட்ட வேண்டும். உருளைக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. விரிப்பின் முனையை இழுத்துப் பிடித்து நேராக விடவில்லை என்றால் சுருக்கம் விழும். விரல் கொஞ்சம் அசந்தால் வெந்துவிடும். ஆவியில் யார் முகமும் யாருக்கும் தெரியாது. போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

அன்று மத்தியானம் ஆவிக்குள்ளிருந்து மேற்பார்வைக்காரம்மாவின் குரல் வந்தது.

"உன் வீட்டுக்காரர் ஆபீஸ் போனுக்குப் பேசினாரு. உன் தங்கச்சி கதவைத் திறக்க மாட்டேங்குதாம். ஓடு."

பெரியவள் ஈரக் கையோடு பெட்டியிலிருந்த போனை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஆட்டோ எதுவும் நிற்கவில்லை. மழை முகத்தில் அறைந்தது. தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். 'திறக்க மாட்டேங்குதாம்' என்ற சொல்லே அவள் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. என்ன பேச்சு அது? அவளா திறக்க மாட்டேன் என்கிறாள்?

மாடிப்படியில் ஓனரம்மாவும் பக்கத்து வீட்டு ஆட்கள் சிலரும் நின்றிருந்தார்கள். கதவுக்கு முன்னால் மெக்கானிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அவனைச் சுற்றி ஸ்க்ரூடிரைவர், குறடு, உளி, சுத்தியல். கைப்பிடியைக் கழற்றித் தரையில் போட்டிருந்தான். அது இருந்த இடத்தில் கதவு வெள்ளையாகச் சிதைந்து கிடந்தது.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல, பதறாத. நீ போனதும் நானும் கடைக்குக் கிளம்பிட்டேன். உள்பக்கமா பூட்டினாளாம், சாவி உடைஞ்சு உள்ளயே நின்னுடுச்சு. எனக்குப் போன் பண்ணினா. வந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன். இன்னும் கொஞ்ச நேரந்தான்..."

"அவ எங்க?"

"இப்ப வரைக்கும் பேசிக்கிட்டுதான் இருந்தா. தலை வலிக்குதுன்னா. படுத்துக்கம்மான்னேன்."

தலை வலிக்கிறது என்றாளாம். படுத்துக்கொள் என்றானாம்.

பெரியவள் கதவை விட்டுவிட்டு நடையின் கோடியிலிருந்த கம்பி ஜன்னலுக்கு ஓடினாள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் சின்னவள் தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள். வாந்தி எடுத்திருந்தாள். ஒரு கை மட்டும் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. கம்பிக்குள் பெரியவளுடைய கை முழங்கை வரைதான் நுழைந்தது.

"சின்னவளே! ஏய்! இங்க பாரு! அக்கா வந்துட்டேன்டி!"

பதில் இல்லை.

ஆம்புலன்சுக்குப் பக்கத்து வீட்டுக்காரரைப் பேசச் சொல்லிவிட்டு, படிச்சுவரைப் பார்த்து அந்த எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் கனத்த குரல்.

"பூட்டுக்கடை."

"அண்ணே, உடனே வரணும். கதவு மாட்டிக்கிச்சு. உள்ள புள்ளத்தாச்சிப் பொண்ணு விழுந்து கிடக்கா." தெருவையும் வீட்டையும் சொன்னாள்.

அந்தப் பக்கம் ஏதோ இரும்புச் சாமானைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"அந்த மாடி வீடா? காலையிலயே வந்தேனேம்மா. அந்தப் பொண்ணுதான் போன் பண்ணிச்சு. வந்து படியேறினா ஒருத்தர் வழியை மறிச்சுக்கிட்டு, நீ ஒண்ணும் கிழிக்க வேணாம், எனக்குத் தெரியும் போய்யான்னுட்டாரு. நான் திரும்பி வந்துட்டேன்."

பெரியவளின் காதுக்குள் உருளையின் இரைச்சல் கேட்பது போல இருந்தது. திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவன் சுத்தியலைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, நான் அந்தப் பொண்ணோட அக்கா. மனசுல எதையும் வச்சுக்காதீங்க. வாங்கண்ணே."

"இதோ வந்துட்டேம்மா. அவரை இனிமே அதைத் தொடாம இருக்கச் சொல்லு."

போனை வைத்தாள். அந்த இடத்திலேயே அவன் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பாள். ஆனால் கோபப்படக்கூட அப்போது நேரமில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"சுத்தியலைக் கீழ போடுங்க."

"ஒரே ஒரு தட்டு. நாக்கு உள்ள போயிடும்..."

"கீழ போடுங்கன்னேன்!"

அந்தத் தெருவில் அவள் குரல் அப்படி உயர்ந்து யாரும் கேட்டதில்லை. சுத்தியல் அவன் கையிலிருந்து தானாக விழுந்தது. இரண்டு பேரைக் கூப்பிட்டு அவனும் தோளால் மோதிப் பார்த்தான். படிக்கட்டு முடிகிற இடத்தில், கதவுக்கு முன்னால், ஒரு பாய் அகலம்தான் இருந்தது. ஓடிவந்து மோத இடமில்லை. தேக்கு அசையவில்லை. கதவைத் தொடவிடமாட்டேன் என்றிருந்த ஓனரம்மா கீழே இறங்கிப் போய்க் கடப்பாரையோடு மூச்சிரைக்க ஏறிவந்தாள். "கதவு போனா போகுதுடி, உடைங்கடா" என்று அழுதாள். கடப்பாரை முனைக்குச் சந்தில் பிடி கிடைக்கவில்லை.

பூட்டுக்காரர் மழைச்சட்டையைக்கூடக் கழற்றாமல் ஏறிவந்தார். குட்டையான மனிதர். மெக்கானிக்கை அவர் பார்க்கவில்லை. கதவுக்கு முன்னால் மண்டியிட்டு டார்ச்சை அடித்தார்.

"யாரு அடிச்சது இதை?"

மெக்கானிக் காலால் சுத்தியலைச் சுவரோரம் தள்ளினான்.

"காலையில சாவித்துண்டு மட்டுந்தான் உள்ள நின்னிருக்கும். கம்பியை விட்டு வெளிய தள்ளிட்டு வேற சாவி போட்டா தீர்ந்துச்சு. இப்ப அடிச்ச அடியில நாக்கு வளைஞ்சு தகட்டுக்குள்ள மாட்டிக்கிச்சு. துளைதான் போடணும். கரண்டு எங்க இருக்கு?"

ஓனரம்மா கீழிருந்து ஒயரை இழுத்துக்கொண்டு வந்தாள். துளைக்கருவி அலறத் தொடங்கியது. இரும்புத் தூள் அவருடைய மழைச்சட்டையில் பொழிந்தது. ஒரு முனை உடைந்தது. வேறு முனையை மாட்டினார். அவர் வாய் மட்டும் ஏதோ திட்டிக்கொண்டேயிருந்தது. கீழே ஆம்புலன்ஸ் வந்து நின்றது. ஆட்கள் தூக்குப்படுக்கையோடு படியில் காத்து நின்றார்கள். பெரியவள் ஜன்னலுக்கும் கதவுக்கும் அலைந்தாள். ஜன்னலுக்கு வந்தபோதெல்லாம் தங்கையின் முதுகு ஏறி இறங்குகிறதா என்று மட்டும் பார்த்தாள்.

மெக்கானிக் சுவரோடு ஒட்டி நின்று, "அந்தப் பக்கமா கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சா..." என்றான்.

பெரியவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

பூட்டு கழன்று உள்பக்கம் விழுந்த சத்தத்தோடு கதவு திறந்தது.

பெரியவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே, குழந்தையை வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். பெண். ஒரு கையில் அடங்கிவிடும் போல இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூக்கில் குழாய் செருகியிருந்தார்கள். சின்னவளுக்கு மறுநாள்தான் முழு நினைவு வந்தது. "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா ரெண்டு பேரும் கைவிட்டுப் போயிருப்பாங்க" என்றாள் டாக்டரம்மா. அவள் யாரையும் குற்றம் சாட்டிச் சொல்லவில்லை; கதவு மாட்டிக்கொண்டது என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

தங்கை படுத்திருந்த விரிப்பின் ஓரத்தில் சிறு சுருக்கம் இருந்தது. தன் கையால் உருளைக்கு ஊட்டியதாகக்கூட இருக்கலாம். பெரியவள் அதை நீவி விட்டுக்கொண்டே கேட்டாள்.

"பூட்டுக்காரரை நீ கூப்பிட்டியா?"

சின்னவள் தலையசைத்தாள். உதடு வெடித்திருந்தது. பெரியவள் பஞ்சை நனைத்துத் தடவினாள்.

"அவரு வந்தாருக்கா. படியில பேசினது எனக்குக் கேட்டுச்சு. மாமா போகச் சொல்லிட்டாரு."

"கேட்டும் சும்மாவா இருந்தே? ஜன்னல் வழியா ஒரு குரல் குடுத்திருக்கலாம்ல? போகாதீங்கன்னு?"

"அப்ப தலை லேசாத்தான் வலிச்சுச்சு. அதுவும் உங்க வீட்டுல வந்து இருக்கேன். மாமா சொன்னதுக்கு மேல நான் எப்படிக்கா..." சின்னவளின் கண்ணோரம் ஈரமானது. "நீயே அவரை எதிர்த்துப் பேச மாட்டியே."

பெரியவளின் கை நின்றது. ஒரு பூட்டுக்காரரை அவள் என்றைக்கோ தானே கூப்பிட்டிருக்கலாம். எண் சுவரில்தான் இருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் ஏறி இறங்கினாள். அவன் முகம் கோணுமே என்று தோளைக் கொடுத்துக் கொடுத்து, வீட்டில் பிரச்சினையே இல்லாதது போல நடந்துகொண்டது அவள்தானே? அவன்மேல் இருந்த கோபத்தில் ஒரு பங்கு திரும்பி அவள்மேலேயே பாய்ந்தது. ஆனால் அதனால் அவன்மேல் இருந்தது குறைந்துவிடவில்லை.

வெளியே வராந்தாவில் அவன் குரல் கேட்டது. கடைப்பக்கத்து ஆட்கள் சிலர் பார்க்க வந்திருந்தார்கள்.

"... நான் விடலையே. கதவோட மல்லுக்கட்டிக்கிட்டே இருக்கேன். கை பாருங்க, தோலே உரிஞ்சுபோச்சு. கடைசியில பூட்டுக்காரனையும் வரவழைச்சு, துளையைப் போட்டு... என்ன கஷ்டம்ங்கிறீங்க!"

"நீங்க இருந்ததாலதான் ஆச்சு" என்று யாரோ சொன்னார்கள்.

பெரியவள் பஞ்சுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். ஆட்கள் போகும்வரை பொறுத்திருந்து வெளியே வந்தாள்.

"பூட்டுக்காரரை வரவழைச்சது நீங்களா?"

அவன் முகம் மாறியது. "இப்ப எதுக்கு அதெல்லாம்? நல்லபடியா முடிஞ்சுதுல்ல?"

"எனக்குத் தெரியும். அவருதான் சொன்னாரு. சின்னவளுக்கும் தெரியும்."

"அந்த நேரத்துல எனக்கு என்ன தெரியும், அவளுக்கு இப்படி ஆகும்னு? சாதாரண சாவிதானேன்னு நினைச்சேன்." அவன் குரலைத் தாழ்த்தினான். "இங்க பாரு. டிரைவரு வர்ற நேரம். அவன் முரடன். இதைப் போய்ச் சொல்லி ரெண்டு குடும்பத்துக்கும் பகையாக்கிடாத. நான் ஒண்ணும் வேணும்னு செய்யலையே?"

"வேணும்னு செய்யலைதான். அதை நீங்களே அவருகிட்டச் சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன், நீங்க சொல்லுங்க."

"சொல்றேன். நேரம் பாத்து."

அன்று மாலை டிரைவர் வந்து சேர்ந்தான். கிடைத்த வண்டிகளில் தொற்றி வந்திருக்கிறான். சட்டையில் சேறு, கண்ணெல்லாம் சிவப்பு. முதலில் மனைவியைப் பார்த்தான். பிறகு கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பார்த்தான். வராந்தாவுக்கு வந்ததும் நேராக மெக்கானிக்கிடம் போய் அவனுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குலுங்கி அழுதான். முரடன் என்று சொன்னானே, அவன்தான் இப்படி அழுதான்.

"அண்ணே, எல்லாரும் சொன்னாங்கண்ணே. நீங்க மட்டும் இல்லன்னா எனக்கு ரெண்டு உசுரும் இல்லண்ணே. இந்தக் கையை நான் மறக்க மாட்டேண்ணே."

பெரியவள் சுவரோரம் நின்றிருந்தாள். இதுதான் நேரம். இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. கணவனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் அவளைப் பார்த்தான். தரையைப் பார்த்தான்.

"அட விடு தம்பி. நம்ம வீட்டுப் பொண்ணு. ஏதோ நம்மால முடிஞ்சது."

பெரியவள் சுவரை விட்டு முன்னால் வந்தாள். அவள் கத்தவில்லை. படிக்கட்டில் வந்த அந்தக் குரல் இப்போது வரவில்லை, நிதானமாகத்தான் பேசினாள்.

"தம்பி, அந்தப் பூட்டுக்காரர் காலையிலயே வந்துட்டாரு. உங்க பொண்டாட்டிதான் கூப்பிட்டா. சாவித்துண்டை எடுத்திருந்தா அப்பவே கதவு திறந்திருக்கும். தலைவலி வந்ததுமே ஆஸ்பத்திரிக்கு நடந்தே வந்திருப்பா. இவருதான் வழியை மறிச்சு அவரைத் திருப்பி அனுப்பினாரு. எனக்குத் தெரியும் போய்யான்னு. அப்புறம் அடிச்சு அடிச்சு, திறக்கிற பூட்டைத் திறக்காததா ஆக்கினாரு."

டிரைவர் பிடித்த கையை விடாமலே மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்தான்.

"அண்ணே?"

"இல்ல தம்பி... அது வந்து..."

"அண்ணி சொல்றது நெசமாண்ணே?"

வராந்தாவில் துணி வண்டி ஒன்று கடகடவென்று கடந்து போயிற்று. அதைத் தள்ளிப்போனவள் பெரியவளோடு வேலை பார்ப்பவள். முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் போய்விட்டாள்.

"ஆமா" என்றான் மெக்கானிக். "நான்தான் போகச் சொன்னேன்."

டிரைவர் அடிப்பான் என்றுதான் பெரியவள் நினைத்தாள். அவன் அடிக்கவில்லை. பிடித்திருந்த கைகளை மெதுவாக விட்டான். தன் உள்ளங்கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். மறுபடி கண்ணாடிப் பெட்டியின் பக்கம் நடந்தான்.

மெக்கானிக் அங்கேயே நின்றான். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவன் போல முதலில் பின்னால் கட்டினான், பிறகு தொங்கவிட்டான்.

"இப்ப உனக்குச் சந்தோஷமா?" என்றான்.

"இல்ல."

உண்மையாகவே இல்லை. கோபமும் இறங்கவில்லை; அடுப்பை அணைத்த பிறகும் சுடுகிற பாத்திரம் போல உள்ளே இருந்துகொண்டேயிருந்தது. உள்ளேயிருந்து சின்னவள் "அக்கா" என்று கூப்பிட்டாள். தண்ணீர் கேட்கிறாள் போலிருக்கிறது. அவன் வாசற்படியை அடைத்துக்கொண்டு நின்றிருந்தான், ஏதோ சொல்ல வாயெடுப்பவன் போல.

"வழி விடுங்க" என்றாள் பெரியவள்.

அவன் விட்டான்.